புல்லில் விட்ட உண்ணிகள்

மாசிலாமணி எந்த உயிரையும் கொல்வதில்லை. அரிசி மண்டி வேலையை விட்டு, மனைவியும் போனபின், மலையடிவாரத்து மடத்துக்கு வந்தவர். மடத்தை நடத்தும் சாமியைவிட வயதில் மூத்தவர். தீட்சை கொடுத்த அன்று சாமி ஒரு சொல்தான் சொன்னார். கொல்லாதே. மாசிலாமணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மடத்து நாய் கறுப்பனுக்கு உண்ணி ஏறியது. மழை விட்டால் ஏறத்தான் செய்யும். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில். பட்டினி உண்ணி எள்ளுபோல் தட்டையாக இருக்கும். ரத்தம் குடித்த உண்ணி ஆமணக்கு விதைபோல் உப்பி, சாம்பல் நிறத்தில் தொங்கும். மாசிலாமணி முதலில் மரு என்றே நினைத்தார். கால் அசைந்தபிறகுதான் தெரிந்தது.

முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுப்பார். உண்ணியின் வாய் உள்ளே தங்காது. சுத்தமான வேலை. எடுத்ததைப் பூவரச இலையில் வாங்கி, நந்தவனத்துப் புல்லில் கொண்டுபோய் விடுவார்.

பூப்பறிக்க வரும் பேச்சியம்மாள் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"என்ன அண்ணாச்சி, உண்ணியக் குடிவைக்கியளோ?"

"அதுவும் உயிர்தானே தாயி."

"உயிர்தான். வாடகை குடுக்குமா?"

தினமும் அந்தப் புல்லில்தான் உட்கார்ந்து பூத் தொடுப்பாள்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மண்டையிடி. உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். மாசிலாமணி நிலவேம்புக் கசாயம் காய்ச்சிக் கொடுத்தார். இறங்கவில்லை. பேச்சு குழறத் தொடங்கியபிறகுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் அவள் முழங்காலுக்குப் பின்னால் தேடினார். பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது.

"உண்ணி கடிச்சிருக்கு. காய்ச்சல் கண்டதுமே வந்திருந்தா மாத்திரையிலயே சரியாகியிருக்கும். பக்கத்துல நாய் உண்டா?"

"உண்டு," என்றார் மாசிலாமணி.

"எடுத்த உண்ணிய என்ன செய்வீங்க?"

"புல்லுல விட்டுருவேன்," என்றார் மாசிலாமணி. டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "குடிச்ச பெட்டை ஒண்ணு கீழ விழுந்தா ஆயிரக்கணக்குல முட்டை போடும். குஞ்செல்லாம் புல்லுல ஏறி உக்காந்திருக்கும், யாரு வருவான்னு."

பேச்சியம்மாளுக்கு அன்று சாயங்காலம் கொஞ்சம் நினைவு வந்தது. "வீட்டுக்குப் போவமா அண்ணாச்சி?" என்றாள். விடியும்முன் போய்ச் சேர்ந்தாள்.

அதன்பின் மாசிலாமணி நாயைத் தொடவில்லை. சுவர் ஓரமாய் உட்கார்ந்திருப்பார். கறுப்பன் அவர் காலடியில் கிடக்கும். சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் தலையைக் கீழே போட்டுக்கொள்ளும்.

சாமி வந்தார். நாயின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துச் சுண்ணாம்பாய் இருந்தது.

"உண்ணி எடுக்கலையா?"

"கை வர மாட்டேங்குது சாமி."

"இப்பிடியே விட்டா இதுவும் செத்துப்போகும்."

"தெரியும்."

சாமி உள்ளே போய் முள்வாங்கியும் ஒரு டம்ளரில் சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்தார். நாயின் காதைத் திருப்பிப் பிடித்தார்.

"சாமி, நான் கொல்லலதானே?"

"யாரை?"

மாசிலாமணி சுவரை விட்டு முன்னால் நகர்ந்தார்.

"கொல்லாதேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"அதத்தான் செஞ்சேன்."

"ஆமா."

"அப்ப இது என் பாவமா, உங்க பாவமா?"

"பங்கு வச்சாக் குறையுமாவே அது?"

"ஒரு பரிகாரம் சொல்லுங்க. காசிக்குப் போறேன். பட்டினி கிடக்கேன்."

"கிடந்தா பேச்சி எந்திரிச்சு வருவாளா?"

மாசிலாமணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தண்ணீரில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. துண்டை எடுத்துப் பார்த்தார். டம்ளரின் அடியில் ஒரு உண்ணி காலை உதைத்துக்கொண்டிருந்தது. சாமி அடுத்ததை இழுத்துப் போட்டார்.

"கொல்றீங்களே சாமி."

"கொல்றேன்."

நாய் முனகியது. இன்னொன்று வந்தது. நன்றாக உப்பியது. சாமி அதை டம்ளரில் போடவில்லை. மாசிலாமணியின் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்தார்.

"எங்க விடணுமோ விடும்."

மாசிலாமணி புல்லைப் பார்த்தார். பேச்சியம்மாளுக்குப் பதிலாக அவள் மகள் பூப்பறித்துக்கொண்டிருந்தாள். சுவர் வெடிப்பைப் பார்த்தார். நாய் படுக்கிற இடம். வாசலைப் பார்த்தார். ஆட்கள் செருப்பைக் கழற்றுகிற இடம். டம்ளரைப் பார்த்தார். கை நீளவில்லை. உண்ணி மெல்ல மணிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது.

"கொல்லாம விடறதுக்கு ஒரு இடம் காட்டுங்க சாமி."

சாமி நாயின் மற்றக் காதைத் திருப்பினார்.

"இருந்தா நான் அங்கதானே போயிருப்பேன்."