பனிக்காட்டைப் படித்த மான்

முள்ளும் கள்ளியும் தவிர வேறெதுவும் சரியாக விளையாத ஒரு காட்டில், வெளிமான் கூட்டம் ஒன்று வாழ்ந்துவந்தது. அந்தக் கூட்டத்தில் தாழை என்றொரு இளமான். கெட்டிக்காரி என்றால் அப்படி ஒரு கெட்டிக்காரி. ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடும். அதற்கு ஒரே ஒரு குறைதான். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு குளம். வருஷா வருஷம் அதில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அது அடியோடு வற்றிவிட்டால், தண்ணீருக்கு வறண்டு கிடந்த ஓடையைத் தாண்டிப் பக்கத்துச் சேற்றுக்காட்டுக்குத்தான் போயாக வேண்டும். அங்கே எருமைகள் வாழ்ந்தன. ஓடையைத் தாண்டிப்போன மான் எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் கூட்டம் கூடிப் பேசித் தாழையைக் காட்டின் ஓரத்தில் இருந்த கலாசாலைக்கு அனுப்பியது. அங்கே அயல்காட்டியல் என்று ஒரு படிப்பு இருந்தது. மற்றக் காடுகளின் மொழி, பழக்கவழக்கம், அங்கே வாழ்கிறவர்களிடம் நடந்துகொள்ளும் முறை எல்லாம் அதில் வரும். மூன்று வருஷம் படிக்க வேண்டும். சேரும்போதே ஒரு காட்டைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

கலாசாலை வாசலில் குள்ளநரி உட்கார்ந்து பெயர் பதிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பனிக்காட்டுப் பிரிவு. மலைகளைத் தாண்டிப் பறந்துவரும் வாத்து அதை நடத்தியது. அங்கே நின்ற வரிசை ஆலமரத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. இன்னொரு பக்கம் சேற்றுக்காட்டுப் பிரிவு. எருமை முதுகிலேயே வளர்ந்த உண்ணிக்கொக்கு ஒன்று அதற்கு ஆசிரியர். அங்கே ஈ காக்கை கிடையாது.

தாழை தன் அம்மாவோடு வந்திருந்தது.

"கொக்கு வாத்தியார்கிட்ட போவோம்மா. நமக்கு வேண்டியது அங்கதான இருக்கு," என்றது அம்மா மான்.

தாழைக்கும் அது தெரியும். குளத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று யோசித்து யோசித்து வளர்ந்த மான் அது. கால்கள் கொக்கின் பக்கம்தான் திரும்பின. அந்த நேரம் பார்த்து மயில் குறுக்கே வந்தது. எதிலும் தன் வீட்டுப் பெருமையை ஒரு பிடி கலந்து பேசுகிற மயில்.

"என்ன தாழை, எந்தக் காடு எடுக்கப் போற?"

"சேற்றுக்காடு..."

"சேறா? அதப் போய் யாராவது மூணு வருஷம் படிப்பாங்களா? ஓடையத் தாண்டினா கால்ல ஒட்டப்போவுது. என் தங்கச்சி மக பனிக்காடு எடுத்திருக்கா. இப்பவே எங்க போனாலும் அவ பேச்சுதான்."

தாழையின் முகம் சுருங்கிப்போனது. நரியிடம் போய் மெல்லக் கேட்டது. "ஐயா, இதுல எது நல்ல பிரிவு?"

"நான் என்னத்தச் சொல்ல? வரிசையைப் பாரு. கூட்டம் எங்க நிக்குதோ அங்கதான மதிப்பு?"

நரிக்குப் பெயர் எழுதத்தான் தெரியும், படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அது சொன்னது தாழைக்கு வேதவாக்காகிவிட்டது.

"அம்மா, நான் பனிக்காடே எடுத்துக்கறேன்."

"அது பறவை போற தூரமாச்சே தாழை. நாம அங்க எப்போ போகப் போறோம்?"

"சேறு படிக்கறேன்னு வெளியில சொல்லவே கூச்சமா இருக்கும்மா. சிரிப்பாங்க."

அம்மா மான் மகளின் முகத்தைப் பார்த்தது. பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமே இல்லாத மனசு அது. "சரி, உனக்கு எது பிடிச்சிருக்கோ அதப் படி," என்றது. மகள் தனக்குப் பிடித்ததை விட்டுவிட்டு மயிலுக்குப் பிடித்ததைப் படிக்கப் போகிறது என்று அதற்கு எங்கே தெரியும், பாவம்.

கொக்கு மூன்று நாள் காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை. நாலாம் நாள் அது சேற்றுக்காட்டுக்கே பறந்துபோய்விட்டது.

குறை சொல்லக் கூடாது பிள்ளைகளே, தாழை உயிரைக் கொடுத்துத்தான் படித்தது. பனிக்காட்டு மொழிகள் மூன்றைக் கற்றுக்கொண்டது. "அங்கே விருந்தாளி தயங்கி நின்றால் திருட வந்தவன் என்று நினைப்பார்கள். தலையை நிமிர்த்தி, நிற்காமல், நேரே தண்ணீர்வரை நடந்து போ. அதுதான் மரியாதை," என்று வாத்து பாடம் சொன்னது. தாழை அதை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தது. கடைசியில் எல்லாரையும் முந்தி முதலாவதாகத் தேறியது. அம்மா மான் வழியில் கண்ட முயலையும் கீரியையும் நிறுத்தி நிறுத்தி அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

அந்த வருஷக் கோடையில் குளம் வற்றிவிட்டது. நாலு நாளில் தரை பாளம் பாளமாக வெடித்தது. குட்டிகள் நடக்கத் தெம்பில்லாமல் துவண்டன. தாழைக்கு மூன்று மாதத் தங்கை ஒன்று இருந்தது. அது கத்தக்கூட முடியாமல் அம்மாவின் காலை முகர்ந்துகொண்டே நின்றது.

கூட்டத்தின் தலைவரான கலைமான் தாழையைக் கூப்பிட்டது. "இனி ஓடையத் தாண்டறதைத் தவிர வேற வழியில்ல. நீ அயல்காட்டியல் படிச்சவ. எருமைங்ககிட்ட எப்படிப் போறதுன்னு சொல்லு."

தாழைக்கு எருமைகளைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தது. மூன்று வருஷம் படித்துவிட்டுத் தெரியாது என்றால் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? எந்தக் காடாக இருந்தால் என்ன, விருந்தாளி விருந்தாளிதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டது.

"தலைய நிமிர்த்தி, நிக்காம, நேரா தண்ணிவரைக்கும் நடக்கணும்," என்றது.

"நிச்சயமா?"

தாழை பதில் சொல்வதற்குள் அம்மா மான் முன்னால் வந்தது. "எம் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும். யாரும் பயப்பட வேணாம். நான் முதல்ல போறேன்."

"அம்மா, நீ வேணாம்."

"ஏன்டி, நீ சொன்ன மாதிரிதான போறேன்?" என்று சிரித்தது அம்மா மான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் எருமைகள் கன்றுகளோடு நீரில் கிடந்தன. கூட்டம் தூரத்தில் நின்று பார்த்தது. அம்மா மான் மகள் சொன்னபடியே தலையை நிமிர்த்தி, நிற்காமல் நடந்தது. பெரிய எருமை ஒன்று சடாரென்று எழுந்து ஓடிவந்தது. ஒரே முட்டுதான். அம்மா மான் கரையில் விழுந்தது, அப்புறம் அசையவில்லை.

தாழை ஓடிப்போனது. அம்மாவின் பக்கத்தில் போனதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டது. எருமை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு அதையும் முட்ட வந்தது. தாழை எழுந்து ஓடவில்லை. என்னையும் கொன்றுவிடட்டும் என்றுதான் இருந்தது அதற்கு.

ஆனால் எருமை சட்டென்று நின்றது. குனிந்து தாழையை முகர்ந்து பார்த்தது.

"இப்ப உட்கார்ந்தியே, இத முதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா? எங்க காட்டுக்கு வர்றவங்க கரையில உட்காரணும். உட்கார்ந்தா விருந்தாளி. தலைய நிமிர்த்திக்கிட்டு நேரா வந்தா கன்னுகளக் கொல்ல வர்றாங்கன்னு அர்த்தம்."

தாழை அம்மாவின் பக்கம் திரும்பியது.

"இதச் சொல்லிக் குடுக்கத்தான் கொக்க உங்க காட்டுக்கு அனுப்பினோம். படிக்க ஒருத்தரும் வரலன்னு திரும்பி வந்துடுச்சு," என்றது எருமை. அதன் குரலிலும் வருத்தம் இருந்தது. அது அம்மா மானைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மான்கள் ஒவ்வொன்றாக வந்து கரையில் உட்கார்ந்தன. எருமைகள் அவற்றை முகர்ந்துவிட்டு விலகி வழி விட்டன. கூட்டம் முழுவதும் வயிறாரத் தண்ணீர் குடித்தது.

தங்கைக் குட்டி குடித்து முடித்து, ஈர வாயோடு தாழையிடம் ஓடிவந்தது.

"அக்கா, தண்ணி ஜில்லுனு இருக்கு. அம்மாவ எழுப்பு, அதுவும் குடிக்கட்டும்."

தாழை தங்கையைத் தன் வயிற்றோடு ஒட்ட வைத்துக்கொண்டு அழுதது.

நீதி: நாலு பேர் மெச்சுவதற்காகப் படிப்பைத் தேர்ந்தெடுத்தால், நம்மை நம்பியவர்களைப் பறிகொடுக்க நேரும்.