கணினிக்கு விசிறி

சிவக்கொழுந்து வீட்டுக் கணினிக்கு வயதாகிவிட்டது. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. இப்போது பேத்தி பள்ளிக்குப் போகிறாள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று மனைவி மரகதத்தின் வாயை அடைத்துவிடுவார்.

ஊரே புதுசு புதுசு என்று பறக்கையில், தான் மட்டும் ஆசையை அடக்கியவர் என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம். அதற்கு ஒரு சபாஷ் வாங்கத்தான் அன்று குருவைச் சாப்பிட அழைத்திருந்தார். குரு அவரைவிட வயதில் இளையவர்.

"சாமி, பழசை எப்ப மாத்தணும்? தேவை எது, ஆசை எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"அதுல வேலை பாக்குறது யாரு?"

"மரகதம்தான். பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர்றா. நான் பேப்பர் படிக்கிறதோட சரி."

உள்ளே கணினியில் இணையவழி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. குரு எழுந்துபோய்ப் பார்த்தார். கணினிப் பெட்டியின் பக்கமூடி கழற்றிக் கிடந்தது. மரகதம் வலது கையால் கணக்கைப் போட்டபடி, இடது கையால் பெட்டிக்குப் பனையோலை விசிறியை வீசிக்கொண்டிருந்தாள்.

"டேபிள் ஃபேன் வைக்கலாமேம்மா?"

அவள் மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னாள். "அந்தச் சத்தத்துல நான் பேசுறது பிள்ளைங்களுக்குக் கேக்கல சாமி. வீசலைன்னா சூடேறி நின்னுடுது. திரும்ப வர்றதுக்குள்ள பாதிப் பேர் போயிடுறாங்க. சில பேர் அடியோட நின்னுட்டாங்க. கடைக்காரரும் இதுக்கு இப்ப உதிரிபாகம் வர்றதில்லன்னு கைவிரிச்சுட்டார்."

குரு விசிறியை வாங்கிக்கொண்டார். வகுப்பு முடியும்வரை வீசினார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சிவக்கொழுந்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நீங்க போய் இதைச் செய்யலாமா சாமி" என்று கையை நீட்டினார். குரு கொடுக்கவில்லை.

வகுப்பு முடிந்த பிறகுதான் நீட்டினார்.

"நாளையிலேருந்து நீங்க வீசுங்க ஐயா. கை வலிக்கிற அன்னிக்கு மாத்திடுங்க."

சிவக்கொழுந்து விசிறியோடு நின்றார். மரகதம் உள்ளே போய் இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டாள். வாசனை கூடம்வரை வந்தது. பல மாதமாக அந்த வீட்டில் இருக்கிற வாசனைதான். அவளுக்கு வயதாகிறது என்று அவர் நினைத்திருந்தார்.