உட்கார்ந்து செய்யும் வேலை

ஆடி மாதம் வளர்பிறை ஏழாம் நாள் முற்பகலில், கோட்டையின் வடக்கு வாசல் கோபுரத்தில் சாரம் கட்டிக்கொண்டிருந்த செங்கோடன் கீழே விழுந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

இது முன்னொரு காலத்தில், இப்போது பெயர்கூட மிஞ்சாத ஒரு ராஜ்யத்தில் நடந்தது. அந்த ராஜாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நடந்துகொண்டேதான் வழக்குக் கேட்பார். நடந்துகொண்டேதான் தீர்ப்பும் சொல்வார். ராஜா நடக்கும்போது மற்றவர்கள் உட்கார முடியுமா? மந்திரியிலிருந்து விசிறி வீசுகிறவள் வரை அவர் பின்னாலேயே அலைந்தார்கள். களஞ்சியத் தலைவர் அனந்தப்பர் மட்டும் தனி உத்தரவு வாங்கித் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அரச வேலையில் அடிபட்டவன் மறுபடி வேலை செய்யும்வரை அவன் வீட்டுக்கு நெல் அளக்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் இருந்தது. அதற்காகவே மேஸ்திரிகள் எல்லோரும் பங்கு போட்டுத் தனியாக ஒரு களஞ்சியத்தில் நெல் சேர்த்திருந்தார்கள். அதன் சாவியும், அரண்மனைப் பட்டு, பண்டங்களின் சாவியும் அனந்தப்பரிடம்.

செங்கோடன் மனைவி நாச்சி சபைக்கு வந்து நெல் கேட்டாள்.

அனந்தப்பர் ராஜாவைப் பார்த்துச் சொன்னார்: "மகாராஜா, போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நான்கு மாதம் நெல் வாங்கியவனை, பனைமரத்து உச்சியில் கண்டுபிடித்தோம். இப்படி எல்லோருக்கும் அளந்தால் களஞ்சியம் என்னாவது? இவனுக்கு முறிந்தது கால்தானே? உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றை அரண்மனையிலேயே கொடுத்து, மதியம் கஞ்சி ஊற்றலாம். வேலை செய்கிறவனுக்கு நெல் இல்லை என்பதும் சட்டம்தான்."

"அவருக்குக் கஞ்சி சரி சாமி," என்றாள் நாச்சி. "வீட்டுல இன்னும் நாலு வயிறு கெடக்கே?"

விகடகவி திருமலைக்கொழுந்து தொண்டையைச் செருமினார். "கஞ்சி தகப்பனுக்கு, பட்டினி பிள்ளைகளுக்கு. நல்ல பங்கீடு!"

அவரை மாட்டிவிட வெகுநாளாகக் காத்திருந்தார் அனந்தப்பர். "இவ்வளவு பேசுகிற கொழுந்தே அந்த வேலையைத் தேடிக் கொடுக்கட்டும். நாளை உச்சிப்பொழுதுக்குள் முடியாவிட்டால் சபையை விட்டுப் போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்," என்று தூரத்துத் தூணருகே திரும்பியபடி சொன்னார் ராஜா. "கால் அசையக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. அரண்மனையில் ஏற்கெனவே இருக்கிற வேலையாக இருக்க வேண்டும்."

கொழுந்து அரண்மனை முழுக்கச் சுற்றினார். அடுப்பெரிக்கிறவள் விறகுக்கு எழுந்து எழுந்து ஓடினாள். பூக்கட்டுகிறவன் நந்தவனத்துக்கும் மண்டபத்துக்குமாக நடந்தான். காவற்காரன் நின்றான். அலைந்து களைத்துச் செங்கோடன் குடிசைக்குப் போனார்.

"வேறென்ன வேலை தெரியும் உனக்கு?"

"மூங்கில்ல ஏறத் தெரியும், எறங்கத் தெரியும். இந்தத் தடவை எறங்கினதுதான் கொஞ்சம் வேகம்," என்றான் செங்கோடன். சிரிக்கப் பார்த்தவன் வலியில் பல்லைக் கடித்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குச் சற்று முன், அனந்தப்பர் சாப்பிடப் போன நேரத்தில், கொழுந்து அனுப்பிய இரண்டு பேர் செங்கோடனைப் பலகையோடு தூக்கிவந்து அவர் திண்டில் சாய்த்தார்கள்.

செங்கோடன் சுற்றுமுற்றும் பார்த்தான். "யாராச்சும் வந்து எதாச்சும் கேட்டா?"

"இங்கே எல்லோருக்கும் ஒரே பதில்தான். நாளைக்கு வாங்க," என்றார் கொழுந்து.

"பெரிய ஆளா இருந்தா?"

"கண்டிப்பா நாளைக்கு வாங்க."

சற்று நேரத்தில் ராஜாவே விறுவிறுவென்று வந்தார். கோபுரத்துக் கொடிக்கு உடனே பட்டு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. "எடும் பட்டை!"

"நாளைக்கு வாங்க."

ராஜா அப்படியே நின்றார். பின்னால் வந்த கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டது.

"நான் யார் தெரியுமா?"

"தெரியும் மகாராஜா." செங்கோடன் இருந்த இடத்திலேயே கும்பிட்டான். "கண்டிப்பா நாளைக்கு வாங்க."

சத்தம் கேட்டு எச்சில் கையோடு வந்தார் அனந்தப்பர். கொழுந்து கைகட்டிச் சொன்னார்: "கால் அசையாமல், பாரம் தூக்காமல் உட்கார்ந்து செய்கிற வேலை இந்த அரண்மனையில் இது ஒன்றுதான், மகாராஜா. கட்டளைப்படி கொடுத்துவிட்டேன்."

"அநியாயம்!" என்று கத்தினார் அனந்தப்பர். "உட்கார முடிந்தால் போதுமா? இவனுக்குத் தெரிந்தது சாரம் கட்டுவது. தெரிந்த தொழிலைச் செய்ய முடியாதவனை, தெரியாத வேலையில் உட்கார வைத்துவிட்டு வேலை கொடுத்தாயிற்று என்பதா?"

அனந்தப்பர் மெல்ல வாயை மூடினார்.

"இதையேதான் நேற்று நான் சொல்ல நினைத்தேன்," என்றார் கொழுந்து. "நான் சொன்னால் விகடம். களஞ்சியத் தலைவர் சொன்னால் சட்டம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அனந்தப்பரே, உம் வார்த்தைப்படியே ஆகட்டும். நெல்லை அளந்துவிடும்."

"பனைமரத்துக்காரன் மாதிரி இவனும் ஏமாற்றினால், மகாராஜா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ராஜா யோசித்தார். "வைத்தியர் மாதம் ஒருமுறை காலைப் பார்க்கட்டும். சாரம் ஏறலாம் என்று அவர் சொல்லும் நாளோடு நெல் நிற்கட்டும்."

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தின் கழுத்தில் போட்டுவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கினார்.

அன்று சாயங்காலமே செங்கோடன் வீட்டுக்கு நெல் போனது. எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. அவன் மறுபடி சாரம் ஏறவே இல்லை. அவன் இருந்தவரை நெல் போய்க்கொண்டிருந்தது.