எப்போதும் இருபத்தைந்து

"இந்த மூணுல எத எடுக்கறது, மேடம்?"

கேட்டவர் அருளப்பன். நாற்பத்தாறு வயது, பாதி நரைத்த மீசை. பதில் சொல்ல வேண்டியவர் தேன்மொழி. அவரைவிடப் பத்து வயதுக்குமேல் சின்னவர்.

குருவுக்குத் தாடி இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. அம்பத்தூரில் அந்தப் பவர் பேங்க் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தேன்மொழிதான் தலை. தேன் பெயரில் மட்டும்தான்.

மேசைமேல் மூன்று பச்சைப் பலகைகள் கிடந்தன. ஈவல் போர்டு என்பார்கள். சிப் செய்கிற கம்பெனிகள், வாங்கப்போகிறவர்கள் பரீட்சித்துப் பார்க்கட்டும் என்று தங்கள் சிப்பை வைத்துச் செய்து அனுப்பும் மாதிரிப் பலகை. எது நன்றாக ஓடுகிறதோ, அதன் சிப்பைக் கொண்டுதான் நிஜ பவர் பேங்க் தயாராகும்.

அருளப்பன் மூன்றையும் வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டார். இன்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் வேலை நிரந்தரம்.

பழைய கம்பெனி கதவைச் சாத்திய பிறகு ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தவர். அந்த வயதில் வேலை தேடுவது எப்படி என்று தேடியவனைத்தான் கேட்க வேண்டும். ஒரு நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்த பையன் 'அங்கிள்' என்று கூப்பிட்டான்.

"நீங்க எத நினைக்கிறீங்க, சார்?" என்றார் தேன்மொழி.

"மொத போர்டு. மத்த ரெண்டையும்விட வேகம். அரை மணியில பாதி போன் ஏறிடுது. ஒரு தடவகூட நிக்கல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட."

பெருமையாகத்தான் சொன்னார்.

"பொண்ணு பாக்கப் போற அன்னிக்கு எந்த வீட்லயும் சொஜ்ஜி தீயாது, சார்."

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

"அதனாலதான் மேடம், பேட்டரி செல்ல நம்ம டப்பாவுக்குள்ளயே வெச்சு மூடி ஓட்டினேன். போர்டு மட்டும்தான் வெளிய."

"உள்ள செல் எவ்வளவு சூடு?"

"இருபத்தஞ்சு டிகிரி. ஸ்கிரீன்லயே காட்டுது."

"இன்னிக்கா?"

"இன்னிக்கும், நேத்தும். எப்ப பாத்தாலும் இருபத்தஞ்சுதான். அவ்வளவு ஸ்டெடி."

மே மாதம். ஏசி காலையிலேயே படுத்துவிட்டது. அருளப்பனின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

தேன்மொழி தன் கைக்குட்டையை நீட்டினார்.

"மொதல்ல மொகத்தத் தொடச்சுக்கோங்க."

அருளப்பன் நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

திரையைப் பார்த்தார். இருபத்தைந்து.

டப்பாவைத் திறந்து உள்ளே விரலை வைத்தார். வைத்த வேகத்தில் வெடுக்கென்று எடுத்தார்.

திரையில் இன்னும் இருபத்தைந்துதான்.

"போர்டு ஓரத்துல கறுப்பா ஒரு தொப்பி மாட்டியிருக்கே, அது என்ன சார்?"

"ஜம்பர். பெட்டியிலேயே மாட்டித்தான் வந்துச்சு."

"எதுக்கு?"

அவருக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தார். சூட்டை அறியும் கம்பியைக் கோக்காமலே பலகையை ஓட்டிப் பார்ப்பதற்காக மாட்டி அனுப்பும் உளுந்தளவுத் தொப்பி அது. அது இருக்கும்வரை செல்லின் நிஜச் சூடு பலகைக்குப் போய்ச் சேராது. செல் வெந்துகொண்டிருந்தாலும் இருபத்தைந்து, சுகம், கவலை வேண்டாம் என்றுதான் பலகைக்குச் சேதி போகும்.

மூன்று பலகைகளிலும் தொப்பி அப்படியே இருந்தது. வாரக்கணக்கில் அளந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். அருளப்பனுக்கு அழுகையே வந்தது.

அழாமல் தொப்பியைப் பிடுங்கினார். சூடு அறியும் கம்பியைச் செல்லோடு ஒட்டினார். டப்பாவை மூடி மறுபடி ஓட்டினார்.

கொஞ்ச நேரத்தில் முதல் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பலகை நின்றுவிட்டது.

மற்ற இரண்டையும் தொப்பியைக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டினார். முன்னே பின்னே, அவையும் கையை விரித்தன.

"அப்போ எதத்தான் எடுக்கறது?" என்றார்.

"மூணும் நல்ல போர்டுதான், சார். சூடு தெரிஞ்சதும் நின்னுச்சே."

"பின்ன?"

"டப்பாதான் சின்னது. சூடு வெளிய போக எடமில்ல. டப்பாவப் பெருசாக்குங்க, இல்லேன்னா வேகத்தக் கொறைங்க. பொங்கலுக்கே சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

அவர் பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. முதலாளி கோதண்டம் வந்தார். கையில் புதிதாக அச்சடித்த அட்டைப்பெட்டி. 'மின்னல் வேக சார்ஜிங்' என்று அதில் பெரிய எழுத்து.

"என்ன அருளப்பன், எந்த போர்டு?"

"சார்... மேடம் என்ன சொல்றாங்கன்னா..."

"மேடம் முடியாதுன்னு சொல்லி மாசக்கணக்காச்சு. அதுக்கப்புறம்தானே உங்கள வேலைக்கு எடுத்தேன்."

அருளப்பன் தேன்மொழியைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்பா அச்சு போட்டாச்சு, பெட்டியும் வந்தாச்சு. உங்க கன்ஃபர்மேஷன் வேற என் மேசையில கெடக்கு." கோதண்டம் சிரித்தார். "சொல்லுங்க. சூடு கீடு ஏதாவது இருக்கா?"

விரல் நுனி இன்னும் எரிந்தது. இந்தப் பெட்டியை யாரோ வாங்கி, போனோடு சேர்த்துத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவார்கள். அருளப்பனுக்கு அது தெரியும்.

'அங்கிள்' என்று கூப்பிட்ட பையனின் முகமும் நினைவுக்கு வந்தது.

"ஒண்ணும் இல்ல, சார். எல்லாம் நார்மல், எப்பவும் இருபத்தஞ்சுதான். சூட்டுக் கம்பிகூட வேணாம். மொத போர்டே போதும்."

"இதுதான் அனுபவம்கறது!" கோதண்டம் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அறையில் இருவரும்தான். தேன்மொழி திட்டுவார் என்று அருளப்பன் தலையைக் குனிந்து காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

தேன்மொழி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மேசையில் கிடந்த கறுப்புத் தொப்பிகளில் ஒன்றைப் பொறுக்கினார். பலகையில் மாட்டப்போகிறார் என்று பார்த்தால், அருளப்பனின் சட்டைப்பையில் போட்டார்.

"போர்டுக்கு இனிமே இது தேவப்படாது, சார்."