பாத்தி மேல ஒரு கண்ணு

காத்தாடிவலசில் செங்கோடன், ராக்கியப்பன், நாச்சிமுத்து என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். தங்கமான மனுஷர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். ஊருக்கு அதுதான் பயம்.

அந்த வருஷம் அவர்கள் மாடு மேய்க்கும் கொறங்காட்டில் ஒரு புல்கூட மிஞ்சவில்லை. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. மழைக்கு முன் நல்ல புல்லாகப் பார்த்து விதைக்காவிட்டால் எல்லாவற்றையும் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான். நாச்சிமுத்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அதைப் பார்த்த கால்நடை டாக்டர் மரகதவல்லி, கொழுக்கட்டைப் புல், மயில்கொண்டைப் புல், ஊசிப்புல் என்று மூன்று காட்டுப் புல் விதைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மூணு பாத்தி கட்டி விதைங்க. எது நல்லா வளருதோ அதோட விதையைக் காடு முழுக்க விதைக்கத் தர்றேன். மூணையும் ஒரே மாதிரி வளக்கணும், வித்தியாசமே காட்டக் கூடாது. பாத்தி மேல எப்பவும் ஒரு கண்ணு இருக்கட்டும்."

புல் முளைத்தது. கொழுக்கட்டைப் புல் முழங்காலைத் தொட்டபோது ஊசிப்புல் கணுக்காலிலேயே நின்றது. செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏன்டா, ஒரே மாதிரி வளக்கச் சொன்னாங்களே?"

"குட்டையா இருக்கறதைக் கொஞ்சம் இழுத்துப் பாக்கலாமுங்ணா," என்றான் ராக்கியப்பன்.

இழுத்தார்கள். வேரோடு கையில் வந்தது. மறுபடி நட்டுவிட்டு, நெட்டையை அரிவாளால் அறுத்து மட்டம் பண்ணினார்கள். அதற்குள் மயில்கொண்டை எட்டிப் பார்த்தது. அதற்கும் ஒரு வெட்டு. மூவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் பாத்திகள் பாய் விரித்த மாதிரி இருந்தன.

அப்புறம்தான் நாச்சிமுத்துவுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. "கண்ணு வெக்கச் சொன்னாங்களே, காளைக் கண்ணுங்களா, கெடாரிக் கண்ணுங்களா?"

செங்கோடன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தான். "டாக்டரம்மா பொம்பளை. கெடாரி வெக்கறதுதான்டா மரியாதை."

செவலைக் கிடாரிக் கன்றைப் பிடித்துவந்து பாத்தி நடுவில் கட்டினார்கள். பாவம், அதற்கு நல்ல பசி.

டாக்டரம்மா வந்தபோது மூன்று பாத்தியும் மொட்டையாக இருந்தது.

"புல்லு எங்கய்யா? எதுதான் நல்லா வளந்துது?"

"கண்ணுதானுங்க," என்றான் நாச்சிமுத்து பெருமையாக.

டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ நம்பிக்கை வந்தது. "சரி, எந்தப் புல்லை முதல்ல தின்னுச்சு? அதையாச்சும் சொல்லுங்க."

"பாக்கலீங்களே," என்றான் ராக்கியப்பன். "திங்கறப்ப பாத்தா கண்ணு பட்டுரும்னு திரும்பி உக்காந்துட்டோமுங்க."

டாக்டரம்மா பையில் மிச்சமிருந்த விதையையெல்லாம் அவர்கள் கையில் கொட்டினார். "இதுதான் கடைசி. விதைச்சதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க!"

மாசம் போனது. ஒருநாள் மத்தியானம் டாக்டரம்மா வந்தார். தூரத்திலேயே பச்சை தெரிந்தது. சிரித்துக்கொண்டே கிட்டே போனார்.

அண்ணன் தம்பிகள் மூவரும் மல்லாந்து கிடந்தார்கள். தலைகள் வெளியே வெயிலில். கால்கள் ஆளுக்கொரு பாத்தி மேல்.

"என்னய்யா இது!"

"மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா," என்றான் செங்கோடன். "தலை வெளியதானுங்க இருக்குது. ராக்கியப்பந்தான் தூக்கத்துல பொரளுவான். அவன் குடுமியை வேலியில கட்டிட்டோம்."

மயில்கொண்டையும் ஊசிப்புல்லும் கால்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. கொழுக்கட்டைப் புல் மட்டும் நாச்சிமுத்துவின் கால் விரல்களுக்கு நடுவே புகுந்து, முழங்காலைத் தாண்டி அடர்த்தியாக நின்றது. மிதித்தாலும் எழும்புகிற புல்தானே மாட்டுக்கு வேண்டும்! டாக்டரம்மாவுக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

"ஜெயிச்சது இதுதான். மாட்டை விக்க வேண்டாம். நாளைக்கே விதை அனுப்பறேன், காடு முழுக்க இதையே போடுங்க."

செங்கோடன் முகம் வாடிவிட்டது. தம்பிகளின் கால்களைப் பார்த்தான். தன் கால்களைப் பார்த்தான். பிறகு காட்டைப் பார்த்தான்.

"காடு முழுக்கங்களா? அவ்வளவுக்குக் காலு பத்தாதுங்களே, டாக்டரம்மா!"