மேற்கே சூலம், மூஞ்சி கிழக்கே

அசமந்தபுரத்தில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பக்கத்து ஊரில் கேட்கத்தான் கூடாது.

செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரிலிருந்து மாசானமுத்துவும் அவர் பெண்டாட்டி பேச்சித்தாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை தாண்டிக் கேரளாவுக்குப் புறப்பட்டார்கள். மகள் இசக்கியைக் கட்டிக்கொடுத்தது தென்மலைக்கு அந்தப் பக்கம். அன்றைக்கு அவளுக்கு வளைகாப்பு. "பன்னெண்டு மணிக்குள்ள நீ வந்து மொத வளையலப் போடலைன்னா, நான் ஒருத்தர் கையாலயும் போட்டுக்க மாட்டேம்மா" என்று போனில் அழுதிருந்தாள். பேச்சித்தாய்க்கு இருப்பது ஒரே பிள்ளை. வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

லட்டும் அதிரசமும் காரின் பின்சீட்டில் ஏறியாயிற்று. கிளம்பும்போது மாசானமுத்து காலண்டரில் தேதி கிழித்தார். அங்கே பிடித்தது வினை. 'சூலம்: மேற்கு. பரிகாரம்: வெல்லம்' என்று போட்டிருந்தது. சூலம் இருக்கும் திசையில் பயணம் போகக் கூடாது. மீறிப் போனால் பரிகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

"ஏட்டி, தென்மலை எந்தப் பக்கம்?"

"நேத்து வரைக்கும் மேற்கேதான் இருந்துச்சு."

"வெல்லம் திங்கணுமாம். எனக்கோ சீனி வியாதி. இனிப்பைக் கண்ணாலகூடப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அது உண்மைதான். டாக்டர் சொன்ன நாளிலிருந்து மிட்டாய்க் கடை வந்தால் மாசானமுத்து கண்ணை மூடிக்கொள்வார். சைக்கிளில் போனாலும் மூடிக்கொள்வார்.

"உங்களுக்குப் பதிலா நான் திங்கேன்."

"வண்டி ஓட்டுறது நாந்தான? சூலம் ஓட்டுறவனைத்தாம்ட்டி குத்தும்."

இரண்டு பேரும் வாசலில் குத்தவைத்து யோசித்தார்கள். பெற்றவளுக்கு மூளை கொஞ்சம் முந்தி வேலை செய்தது.

"என்னங்க, மேற்கே போகணும். சரி. மேற்கே பாத்துத்தான் போகணும்னு யாரு சொன்னா?"

மாசானமுத்து பெண்டாட்டியைப் பெருமையோடு பார்த்தார். காரைக் கிழக்கே பார்த்து நிறுத்தி, சாமி கும்பிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

ஊர் எல்லை தாண்டும் முன்பே ஒரு சிக்கல். பின்னால் திரும்பிப் பார்த்தால்தான் பாதை தெரியும். திரும்பினால் லட்டுத் தட்டு தெரிகிறது. அதனால் அவர் முன்னால் பார்த்தபடி ஓட்டுவது, பேச்சித்தாய் சீட்டில் முட்டி போட்டுப் பின்னால் பார்த்தபடி வழி சொல்வது என்று முடிவாயிற்று.

"பீச்சாங்கைப் பக்கம் ஒடிங்க!" என்றாள். அவர் தன் பீச்சாங்கைப் பக்கம் ஒடித்தார். கார் வைக்கோல் படப்பில் புகுந்தது.

"நான் சொன்னது என் பீச்சாங்கை."

"ஸ்டியரிங் என் கையில்ல இருக்கு?"

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இனிமேல் கையைச் சொல்லாமல் கண்ணில் படுவதைச் சொல்வது என்று பேசிக்கொண்டார்கள். "மாட்டுப் பக்கம் ஒடிங்க" என்றாள் பேச்சித்தாய். மாடு அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு நடந்தது. கார் அதன் பின்னாலேயே போய்த் தொழுவத்தில் நின்றது. மாட்டுக்காரர் யார் எவர் என்று கேட்காமல் ஆளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார். கொடுத்த மோரை மறுக்க முடியுமா?

மலைப்பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. பாதை வளைந்து கிழக்கே திரும்ப, ரிவர்ஸில் போகும் காரின் மூஞ்சி தானாக மேற்கே வந்துவிட்டது.

"போச்சு! சூலத்தை நேருக்கு நேர் பாக்கேன்!" என்று அலறினார்.

"பாத்தாத்தான? கண்ண மூடிக்கோங்க!"

மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு மூடிக்கொண்டார். வழி பார்ப்பது பேச்சித்தாய் என்பதால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எதிரே வந்த லாரிக்காரர்கள் மட்டும் இறங்கி நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லையில் சோதனைச் சாவடி. காவலர் குனிந்து பார்த்தார்.

"எங்கருந்து வர்றீங்க?"

"வீட்டுலருந்து."

"வீடு எங்க?"

மாசானமுத்து முன்கண்ணாடி வழியே நேராகக் கையைக் காட்டினார்.

"அப்ப வீட்டுக்குப் போறீங்க."

"இல்ல, வீட்டுலருந்து போறோம்."

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பேச்சித்தாய் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று தாண்டிவிட்டது. மகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஒரு பால் வண்டிக்காகத் தடுப்புக் கம்பியைத் தூக்கியிருந்தார்கள். காவலர் பொறுமை இழந்து கத்தினார்: "எனக்கு ஒண்ணும் புரியல. மொதல்ல வண்டியப் பின்னால எடுய்யா!"

அவர்கள் இருவரும் பெரியவர்கள் சொல்லைத் தட்டியதே இல்லை. "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். கேரளா வந்துவிட்டது.

சம்பந்தி வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். சம்பந்தியம்மாவும் அசமந்தபுரத்திலிருந்து பிழைக்கப் போனவள்தான். காரின் பின்பக்கம் வீட்டைப் பார்த்திருக்கக் கண்டதும் மாரில் அடித்துக்கொண்டாள்.

"வந்தவுக வாசலோட கிளம்பிட்டாகளே! நாம என்ன கொறை வச்சோம்? சரி, கிளம்புனவுகள மறிக்கக் கூடாது. கையக் காட்டுங்கட்டி!"

எல்லாரும் கையைக் காட்டி, "போயிட்டு வாங்க!" என்றார்கள்.

சம்பந்தி சொல்லை எப்படித் தட்டுவது? மாசானமுத்து முதல் கியரைப் போட்டார். கார் வந்த வழியே ஓடத் தொடங்கியது. பின்னால் பார்த்து முட்டி போட்டிருந்த பேச்சித்தாய்க்கு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடி வரும் மகள் தெரிந்தாள். இரண்டு வெறுங்கைகளையும் நீட்டியபடி அவள் சின்னதாகிக்கொண்டே போனாள்.

"நிறுத்துங்க!"

"போயிட்டு வாங்கன்னு சொன்ன பொறவு எப்படி நிறுத்த?"

பேச்சித்தாய் அழுதுகொண்டே யோசித்தாள். "போயாச்சுல்லா? இனி வாங்க!"

"அதுவும் சரிதான்" என்று மறுபடியும் ரிவர்ஸ் போட்டார்.

மகள் பக்கத்தில் வந்ததும் பேச்சித்தாய் கதவைத் திறக்கக்கூட நிற்கவில்லை. கார் ஜன்னல் வழியாகவே கையை இழுத்து முதல் வளையலை ஏற்றினாள். வீட்டுக்குள்ளே மணி பன்னிரண்டு அடித்தது. தாயும் மகளும் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் இருந்து சந்தோஷத்தில் ஓவென்று அழுதார்கள். மாசானமுத்துவும் அழுதார். அதிரசத் தட்டு திறந்துவிட்டதால் கண்ணை மூடிக்கொண்டு அழுதார்.

மறுநாள் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு திரும்பினார்கள். திங்கட்கிழமை சூலம் கிழக்கே. பரிகாரம் தயிர். மாசானமுத்துவுக்குச் சளி. ஆகவே திரும்பியதும் அப்படியேதான்.

பேத்தி பிறந்தாள். மாதங்கள் போயின. ஒரு நாள் காலையில் பிள்ளை முதல் தடவையாகத் தவழ்ந்தது. முன்னால் இருந்த கிலுகிலுப்பையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. ஆனால் உடம்பு பின்னால் பின்னால் போயிற்று. முகம் வடக்கே, போவது தெற்கே.

பேச்சித்தாய்க்குச் சந்தேகம் தட்டியது. எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தாள். வியாழக்கிழமை. சூலம்: தெற்கு.

"என்னங்க, ஓடியாங்க! ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கல, தானாப் பாத்துப் போகுது!"

மாசானமுத்து வந்தார். பிள்ளை சுவரில் இடிக்காமல் கதவு வழியே பின்பக்கமாக வெளியேறுவதைக் கடைசிவரை பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி, இதுக்கு லைசென்ஸ் எடுத்துருவோம்."