ஜெசிந்தாவுக்கு எந்த லென்ஸ்?

பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அதன் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஜெசிந்தாவிடம் நீங்களும் போய் எதையும் கேட்டுவிடாதீர்கள். காலையிலிருந்து கேட்டுக் கேட்டே அவளை ஓய்த்துவிட்டார்கள்.

ஐம்பத்தெட்டு வயது, இரண்டு கண்ணிலும் புரை. முப்பது வருஷமாக வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துப் பிள்ளைகள் இருவரையும் கரையேற்றியவள். இப்போது கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை. தையல் நின்றால் பிள்ளைகள் கையை எதிர்பார்க்க வேண்டும். அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

"என்ன வேலை பாக்கீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேலையெல்லாம் இல்ல சார். சும்மா வீட்லதான் இருக்கேன்."

யார் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் அதுதான். டாக்டர் தலையாட்டிவிட்டு, ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களைப் பற்றிச் சொன்னார். தூரத்துக்குப் பொருத்தினால் கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். கிட்டத்துக்குப் பொருத்தினால் தெருவில் நடக்கக் கண்ணாடி. இரண்டுக்கும் ஆகிற உயர்ந்த லென்ஸும் உண்டு. ஆனால் மங்கல் வெளிச்சத்தில் நுணுக்கமானது அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

"வீட்ல இருக்கவங்களுக்குத் தூரத்து லென்ஸே போதும். ஆனா உங்க கண்ணு, உங்க இஷ்டம். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

மகன் அலெக்ஸ் நெட்டில் பத்து இடத்தில் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து கூப்பிட்டான். "எம்மா, ஒசந்ததையே போடு. கண்ணாடியே வேண்டாம்லா."

கூட வந்த மகள் ரெஜினாவோ, "டாக்டர் சொன்னதையே போட்ருவோம்மா. அவருக்குத் தெரியாததா?" என்றாள்.

ரவிக்கைக்குக் கழுத்து மாதிரிகளை ஜெசிந்தா எடுத்துப் போட்டால், வந்தவர்கள் பார்த்துச் சலித்து, "அக்கா, நீங்களே பாத்துத் தைங்க" என்று போய்விடுவார்கள். அவளுக்கும் இப்போது அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

முடிவை அவளிடமே விட்ட டாக்டர், உயர்ந்ததைத் தேடிய மகன், டாக்டரை நம்பிய மகள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மூவருமே இல்லை. நாளெல்லாம் ஊசியையும் நூலையும் பார்க்கிற அவளுக்கு ஏற்றது கிட்டத்து லென்ஸ். டாக்டர் கேட்ட கேள்வி சரிதான், கிடைத்த பதில்தான் தப்பு. பக்கத்தில் நின்ற மகளுக்கும் அது தப்பாகப் படவில்லை. அம்மா தைப்பதை அந்த வீட்டில் யாரும் வேலை என்று சொன்னதே கிடையாது. கண் அவளுடையது என்றால், அந்தக் கண்ணால் என்ன செய்கிறாள் என்பதையும் அவள்தான் சொல்லியாக வேண்டும். ஜெசிந்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டாக்டரின் கதவைத் தள்ளி, "சார், நான் டெய்லர்" என்றாள்.